டிவி ரிசல்ட் சொல்லிவிட்டது... கூட்டம் இன்னும் முடியவில்லை! - அயோவா ‘காக்கஸ்’ சொல்லும் பாடம்

2024 ஜனவரி 15, திங்கள்கிழமை. அமெரிக்காவின் நடுவில் இருக்கும் அயோவா மாநிலத்தில் உறைய வைக்கும் குளிர். வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்கும் கீழே. சாலையோரமெல்லாம் பனிக் குவியல். வெளியே இரண்டு நிமிடம் கையுறை இல்லாமல் நின்றால் விரல் மரத்துப்போகும்.

அந்தக் குளிரில், இரவு ஏழு மணிக்கு, சுமார் 1,10,000 பேர் வீட்டைவிட்டு வெளியே வந்தார்கள். பள்ளிக்கூட ஜிம், சர்ச் ஹால், நூலகம் என்று அவரவர் ஏரியாவில் கூடினார்கள். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று அமெரிக்காவிலேயே முதலில் சொல்லப்போகும் கூட்டங்கள் அவை. பெயர், காக்கஸ்.

கூட்டம் தொடங்கி அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். ‘டிரம்ப் வெற்றி’ என்று செய்தி நிறுவனங்கள் அறிவித்துவிட்டன. பல இடங்களில் அப்போதுதான் வேட்பாளர்களுக்காக ஆதரவாளர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுச்சீட்டே இன்னும் கைக்கு வராதவர்களின் போனில், யார் ஜெயித்தார் என்ற நோட்டிஃபிகேஷன் வந்து விழுந்தது!

டிரம்ப்புக்கு 51 சதவிகிதம். ரான் டிசான்டிஸுக்கு 21, நிக்கி ஹேலிக்கு 19. நான்காவதாக வந்த விவேக் ராமசாமி, 99 கவுன்டிகளையும் இரண்டு முறை சுற்றி வந்தவர். அன்றிரவே போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

உலகம் அத்துடன் டிவியை அணைத்துவிட்டது. ஆனால், அந்தக் கூட்டங்களின் முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அதுதான் இந்த வாரக் கதை.

காக்கஸ் என்றால் என்ன?

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நவம்பர் மாதம் நடக்கும். அதற்கு முன்பு, ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்சித் தலைமை ஒரு பெயரை அறிவித்தால் முடிந்தது என்ற வழக்கம் அங்கே இல்லை. மாநிலம் மாநிலமாகக் கட்சிக்காரர்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும்.

பெரும்பாலான மாநிலங்களில் இதற்கு ‘பிரைமரி’ நடக்கிறது. சாதாரணத் தேர்தல் மாதிரிதான். அரசு நடத்தும். காலை முதல் இரவு வரை எப்போது வேண்டுமானாலும் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வரலாம்.

காக்கஸ் அப்படியல்ல. இதைக் கட்சியே நடத்துகிறது. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், நேரில் வந்து உட்கார வேண்டும். அயோவாவில் சுமார் 1,700 வாக்குச்சாவடிப் பகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கூட்டம். சில கிராமங்களில் பத்துப் பேர் வருவார்கள். நகரத்தில் ஐந்நூறு பேர் வந்து நாற்காலி போதாமல் நிற்பார்கள்.

வாசலிலேயே கட்சியில் பதிவு செய்துகொண்டு உள்ளே போகலாம். நவம்பர் தேர்தலுக்குள் 18 வயது நிறைந்துவிடும் என்றால், 17 வயதுப் பிள்ளைகளும் கலந்துகொள்ளலாம். அப்பா ஒரு பக்கம், மகள் இன்னொரு பக்கம் நிற்பதெல்லாம் அங்கே சாதாரணம்.

‘நிற்பது’ என்று சொன்னது சும்மா இல்லை.

மூலைக்கு ஒரு வேட்பாளர்

குடியரசுக் கட்சியின் முறை எளிது. துண்டுச்சீட்டில் பெயரை எழுதிப் போட்டால் போதும். அது ரகசிய வாக்கெடுப்பு. ஆனால், ஜனநாயகக் கட்சி 2020 வரை நடத்திய காக்கஸில் ரகசியமே கிடையாது. ஹாலின் ஒவ்வொரு மூலையும் ஒரு வேட்பாளருக்கு. யாரைப் பிடிக்குமோ அவருடைய மூலையில் போய் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர், மளிகைக் கடைக்காரர், பிள்ளையின் டீச்சர் என்று எல்லோரும் பார்ப்பார்கள்.

ஒரு கற்பனைக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். 100 பேர் வந்திருக்கிறார்கள். இந்தப் பகுதிக்கு 5 பிரதிநிதிகள். நான்கு வேட்பாளர்களுக்கு முறையே 45, 32, 12, 11 பேர் நிற்கிறார்கள்.

இங்கேதான் ஒரு விதி வருகிறது. குறைந்தது 15 சதவிகிதம் பேர் இல்லாத அணி செல்லாது. அதாவது 100-க்கு 15 பேர். எனவே மூன்றாவது, நான்காவது அணிகள் தப்பிக்க ஆள் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் கலைந்து வேறு மூலைக்குப் போக வேண்டும். பெரிய அணிகளிலிருந்து ஆட்கள் வந்து, “எங்க பக்கம் வாங்க” என்று கூப்பிடுவார்கள். பத்து நிமிடம் ஹாலே சந்தைக்கடை மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது அணி கலைகிறது. அந்த 12 பேரில் இரண்டு பேர் முதல் அணிக்கும், நான்கு பேர் இரண்டாவது அணிக்கும், ஆறு பேர் நான்காவது அணிக்கும் போகிறார்கள். இப்போது 47, 36, 17. ஐந்து பிரதிநிதிகளை விகிதப்படி பிரித்தால், 2, 2, 1.

கவனித்தீர்களா? 45 பேருடன் முன்னணியில் இருந்தவருக்கும் இரண்டுதான். 32 பேருடன் பின்னால் இருந்தவருக்கும் இரண்டுதான். ஆட்டத்தைவிட்டு வெளியேற இருந்த நான்காவது வேட்பாளருக்கு ஒன்று. தோற்ற அணியின் 12 பேர் எந்த மூலைக்கு நடந்தார்கள் என்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

இரண்டு அணிகள் சமமாக நின்று, கடைசி ஒரு பிரதிநிதி யாருக்கு என்ற சிக்கல் வந்தால்? நாணயம் சுண்டிப் போடுவார்கள். 2016-ல் ஹிலாரி கிளின்டனும் பெர்னி சாண்டர்ஸும் கிட்டத்தட்டச் சமமாக மோதியபோது, சில இடங்களில் உண்மையிலேயே அப்படித்தான் முடிவானது. சூதாட்ட விடுதிகளுக்குப் பேர்போன நெவாடா மாநிலத்தில், அங்கே காக்கஸ் நடந்த காலத்தில் இதே சிக்கலுக்குச் சீட்டுக்கட்டு எடுத்தார்கள். பெரிய சீட்டு எடுத்தவருக்கு வெற்றி!

‘பிரதிநிதியாக யார் வர்றீங்க?’

கணக்கு முடிந்ததும் பாதி ஹால் காலியாகிவிடும். குழந்தைகள் தூங்கி வழியும். காலையில் வேலைக்குப் போக வேண்டும். மிச்சமிருப்பவர்களிடம் கட்சிச் செலவுக்காக ஓர் உறை சுற்றி வரும், முடிந்ததைப் போடலாம்.

பிறகு தீர்மானங்கள். ‘பள்ளிகளுக்கு நிதி கூட்ட வேண்டும்’, ‘குடிநீரில் உரம் கலப்பதைத் தடுக்க வேண்டும்’ என்று யார் வேண்டுமானாலும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். கூட்டம் ஏற்றுக்கொண்டால் அது கவுன்டி அளவிலான குழுவுக்குப் போகும். அங்கேயும் தேறினால் மாநிலக் கட்சியின் கொள்கை அறிக்கை வரை ஏறலாம்.

கடைசியாகத்தான் அந்தக் கேள்வி வரும். “கவுன்டி மாநாட்டுக்குப் பிரதிநிதியாக யார் வர்றீங்க?”

பல ஹால்களில் அந்த நேரத்தில் போட்டியே இருக்காது. கையைத் தூக்கினாலே பிரதிநிதி ஆகிவிடலாம். அந்தக் கை தூக்கலிலிருந்துதான் ஏணி தொடங்குகிறது.

முதல் படி, காக்கஸ். இரண்டாவது, மார்ச் மாத வாக்கில் நடக்கும் கவுன்டி மாநாடு. அயோவாவின் 99 கவுன்டிகளிலும் நடக்கும். மூன்றாவது, வசந்த காலத்தில் நான்கு நாடாளுமன்றத் தொகுதிகளிலும் நடக்கும் தொகுதி மாநாடு. நான்காவது, பெரும்பாலும் ஜூனில் மாநில மாநாடு. கடைசிப் படி, கோடையில் நடக்கும் தேசிய மாநாடு. கட்சியின் அதிபர் வேட்பாளர் அதிகாரபூர்வமாகத் தேர்வாவது அங்கேதான்.

ஒவ்வொரு படியிலும் ஆட்கள் குறைந்துகொண்டே போவார்கள். 2016-ல் ஜனநாயகக் கட்சியின் காக்கஸுக்கு வந்தவர்கள் சுமார் 1,71,000 பேர். அவர்கள் தேர்ந்தெடுத்த கவுன்டி பிரதிநிதிகள் சுமார் 11,000. அதிலிருந்து மாநில மாநாட்டுக்கு சுமார் 1,400. காக்கஸ் முடிவின் அடிப்படையில் தேசிய மாநாட்டுக்குப் போனவர்கள் 44 பேர்.

1,71,000 எப்படி 44 ஆகிறது? ஒவ்வொரு படியிலும் ஒரு சனிக்கிழமையைச் செலவு செய்து, காரில் போய், நாள் முழுக்க உட்கார்ந்து, ஓட்டெடுப்பு முடியும்வரை கிளம்பாமல் இருப்பவர்கள்தான் அடுத்த படிக்குப் போகிறார்கள்.

ஏன் ஜனவரியில்?

இவ்வளவு படிகள் இருப்பதால்தான் அயோவா முதலில் வந்தது.

1968-ல் சிகாகோவில் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு. வியட்நாம் போருக்கு எதிராகத் தெருவில் இளைஞர்கள், அவர்கள்மீது போலீஸ் தடியடி. உள்ளே, ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ஃப்ரி வேட்பாளராகத் தேர்வானார். பல மாநிலங்களில் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்த கூட்டங்கள் கட்சிப் பெருந்தலைகளின் கையில் இருந்தன. சாதாரண உறுப்பினருக்கு அவை எங்கே, எப்போது நடக்கின்றன என்பதே தெரியாது.

கொந்தளிப்புக்குப் பிறகு கட்சி ஒரு குழுவை அமைத்தது. ‘கூட்டத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் வரலாம்’ என்ற விதிகள் வந்தன. ஒவ்வொரு படிக்கும் நடுவில் போதுமான நாட்கள் தேவைப்பட்டன. அயோவா கட்சி அலுவலகத்தில் இருந்த பழைய நகலெடுக்கும் இயந்திரம் மெதுவானது, தாள்களை அச்சடித்து அனுப்பவே நாளாகும் என்று ஒரு கதையும் சொல்வார்கள். மாநில மாநாட்டிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்தார்கள். 1972 ஜனவரி 24-ல் போய் நின்றது. நாட்டிலேயே முதல் தேர்வு அயோவாவில் என்றானது, இந்தக் காலண்டர் கணக்கால்தான்.

அந்த ஆண்டு, அதிகம் எதிர்பார்க்கப்படாத ஜார்ஜ் மெக்கவர்ன் அயோவாவில் நல்ல இடம் பிடித்தார். கடைசியில் அவரே வேட்பாளர். விதிகளை மாற்றிய அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவரும் அவர்தான்!

1976-ல் ஜார்ஜியா மாநிலத்தின் முன்னாள் கவர்னர் ஒருவர் அயோவாவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். காக்கஸில் ‘யாருக்கும் இல்லை’ என்ற அணிதான் முதலிடம், சுமார் 37 சதவிகிதம். அந்த முன்னாள் கவர்னருக்கு சுமார் 28. ஆனால், மற்ற வேட்பாளர்கள் எல்லோரையும்விட அதிகம். பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன. அடுத்த ஜனவரியில் ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகையில் இருந்தார். அதன்பிறகு அயோவாவை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 2008-ல் பராக் ஒபாமாவின் ஓட்டத்துக்கு முதல் வெற்றியைக் கொடுத்ததும் இதே மாநிலம்தான்.

மூன்றாமவர் முதல்வரான கதை

ஏணியின் பலம் அப்பட்டமாகத் தெரிந்தது 2012-ல்.

அன்றைக்குக் குடியரசுக் கட்சியின் காக்கஸ். நள்ளிரவு தாண்டி அறிவிப்பு வந்தது. மிட் ராம்னி வெற்றி, வித்தியாசம் வெறும் 8 ஓட்டு. இரண்டு வாரம் கழித்துச் சான்றளிக்கப்பட்ட கணக்கு வந்தது. ரிக் சான்டோரம்தான் 34 ஓட்டு முன்னிலை! எட்டு வாக்குச்சாவடிப் பகுதிகளின் கணக்கு கடைசிவரை கிடைக்கவே இல்லை. ரான் பால் மூன்றாம் இடம்.

ஆனால், அன்றைய விதிப்படி அந்த ஓட்டு வெறும் கருத்துக்கணிப்பு மாதிரிதான். தேசிய மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளை அது கட்டுப்படுத்தாது.

இதைச் சரியாகப் புரிந்து வைத்திருந்தவர்கள் ரான் பாலின் ஆதரவாளர்கள். பெரும்பாலும் இளைஞர்கள். சீட்டுப் போட்டதும் மற்றவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப, இவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பிரதிநிதி யார் என்று கேட்டபோது கை தூக்கினார்கள். கவுன்டி மாநாட்டுக்கு வந்தார்கள். தொகுதி மாநாட்டுக்கு வந்தார்கள். மாநில மாநாட்டிலும் இருந்தார்கள். மாநிலக் கட்சித் தலைவர் பதவிக்கே ரான் பால் ஆதரவாளர் ஒருவர் வந்துவிட்டார்.

ஆகஸ்ட்டில் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் தேசிய மாநாடு. அயோவாவின் 28 ஓட்டுகள் அறிவிக்கப்பட்டன. ரான் பாலுக்கு 22. ராம்னிக்கு 6. காக்கஸில் முதலிடம் வந்த சான்டோரமுக்கு ஒன்றுமில்லை.

வேட்பாளர் ஆனதென்னவோ ராம்னிதான், மற்ற மாநிலங்களின் பலத்தில். ஆனால், அயோவாவில் குளிரில் வந்து ஓட்டுப் போட்ட சுமார் 1,21,500 பேரின் கருத்து ஒன்று, மாநாட்டில் ஒலித்தது இன்னொன்று. இது நியாயமா?

“விதிப்படிதானே செய்தோம், கடைசிவரை இருந்தது தப்பா?” என்பது ஒரு தரப்பு. “ஓட்டுப் போட்டவர்களுக்கு இது துரோகம்” என்பது இன்னொரு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. கட்சி விதியை மாற்றியது. 2016 முதல் குடியரசுக் கட்சிப் பிரதிநிதிகள் காக்கஸ் ஓட்டுக் கணக்குக்குக் கட்டுப்பட வேண்டும்.

வர முடியாதவர்களின் குரல்

கடைசிவரை இருப்பவருக்கே பலம் என்றால், இருக்க முடியாதவர் என்ன செய்வது? காக்கஸ்மீது பல ஆண்டுகளாக வைக்கப்பட்ட கேள்வி இது.

இரவு ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸ் ஏழு மணிக்கு எப்படி வருவார்? கைக்குழந்தையுடன் தனியாக இருக்கும் தாய்? சக்கர நாற்காலியில் இருக்கும் முதியவர்? முதலாளி எதிர் மூலையில் நின்றுகொண்டு பார்க்கும்போது, அவரிடம் வேலை செய்பவர் தைரியமாகத் தன் மூலைக்கு நடப்பாரா? ஒபாமா ஜெயித்த 2008-ல் ஜனநாயகக் கட்சியின் காக்கஸுக்கு வந்தவர்கள் சுமார் 2,40,000 பேர். அந்தக் கட்சிக்கு அதுதான் சாதனை. அன்றைக்கு அயோவாவின் மக்கள்தொகையோ சுமார் 30 லட்சம்.

2020-ல் ஜனநாயகக் கட்சி சில மாற்றங்களைச் செய்தது. ஒட்டும்வா நகரில் இறைச்சித் தொழிற்சாலையில் மாலை ஷிஃப்ட் பார்க்கும் தொழிலாளர்களுக்காக நண்பகலிலேயே ஒரு காக்கஸ் நடந்தது. எத்தியோப்பியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் அயோவாக்காரர்களுக்காகப் பாரிஸிலும் ஒரு கூட்டம் நடந்தது. ஒவ்வொருவரின் தேர்வையும் எழுதிக் கையெழுத்து வாங்கும் அட்டைகளும் வந்தன.

ஆனால், அன்றிரவே எல்லாம் தலைகீழானது. முடிவுகளை அனுப்ப உருவாக்கிய மொபைல் ஆப் சொதப்பியது. போனில் சொல்லலாம் என்று அழைத்தவர்கள் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். முழு முடிவு வர நாட்கள் ஆனது. காப்பாற்றியது அந்தக் காகித அட்டைகள்தான். பிரதிநிதிகள் கணக்கில் பீட் புட்டிஜெஜ் மயிரிழையில் முன்னிலை. தலைகளை எண்ணினால் சாண்டர்ஸ் முன்னிலை. இருவருமே வெற்றி என்றார்கள். மாநிலக் கட்சித் தலைவர் பதவி விலகினார்.

அத்துடன் ஜனநாயகக் கட்சியில் அயோவாவின் முதலிடம் போனது. 2024-ல் முதல் வாய்ப்பைத் தெற்கு கரோலினாவுக்குக் கொடுத்தது கட்சி. அயோவாவில் ஜனநாயகக் கட்சியினர் தபாலில் அட்டை அனுப்பி அதிபர் வேட்பாளருக்கான விருப்பத்தைச் சொன்னார்கள். நர்ஸும் சொல்லலாம், முதியவரும் சொல்லலாம். மூலையில் போய் நிற்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஜனவரி 15 இரவு அவர்களும் கூடினார்கள். எதற்கு? பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க!

அந்தக் கைகளுக்கு வேலை வந்த நாள்

‘யார் வேட்பாளர் என்று முன்பே தெரியும். பிறகு இந்தப் பிரதிநிதிகள் எதற்கு? தொப்பி போட்டுக்கொண்டு மாநாட்டில் கை தட்டவா?’ 2024 ஜூலை வரை பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை. ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகினார். பிரைமரிகள் எல்லாம் முடிந்துவிட்டன. மறுபடியும் நாடு முழுக்க ஓட்டெடுப்பு நடத்த நேரமில்லை. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் இப்போது யாரிடம்?

பைடனுக்காகத் தேர்வாகியிருந்த சுமார் 3,900 பிரதிநிதிகளிடம். அவர்களில் உள்ளூர்க் கூட்டங்களில் கை தூக்கி, கவுன்டி, தொகுதி, மாநிலம் என்று படியேறி வந்த சாதாரணக் கட்சிக்காரர்கள் பலர். ஆசிரியர்கள், தொழிற்சங்கத்தினர், ஓய்வு பெற்றவர்கள். யாருக்கும் அவர்கள் கட்டுப்பட வேண்டியதில்லை என்ற நிலை.

மாநிலம் மாநிலமாக அவர்கள் ஆன்லைனில் கூடிப் பேசினார்கள். இரண்டு நாட்களுக்குள் பெரும்பான்மைப் பிரதிநிதிகளின் ஆதரவு கமலா ஹாரிஸுக்கு என்று தெளிவானது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஆன்லைன் வாக்கெடுப்பு. 99 சதவிகிதம் அவருக்கே. மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில், அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரில், கோயிலில் பூஜை நடந்தது. பேத்தியை வேட்பாளராக்கியது, அந்த ஊர் கேள்விப்பட்டே இராத பிரதிநிதிகளின் ஓட்டு.

அந்த மாநாடு நடந்த ஊர், சிகாகோ. 1968-ல் ‘எங்களைக் கேட்காமல் முடிவெடுத்தீர்கள்’ என்று இளைஞர்கள் அடிபட்ட அதே ஊர். இந்த முறையும் கோடிக்கணக்கானவர்களின் ஓட்டுக்குப் பிறகு, முடிவு சில ஆயிரம் பேரின் கையில்தான் இருந்தது. ஒரே வித்தியாசம், அந்தச் சில ஆயிரம் பேர் எப்படி வந்தார்கள் என்பதற்கு இப்போது விதி இருந்தது. கதவும் திறந்திருந்தது.

நவம்பரில் ஹாரிஸ் தோற்றது வேறு கதை.

அயோவாவில் அந்தக் கேள்வி இன்னும் அப்படியேதான் கேட்கப்படுகிறது. ஓட்டு எண்ணி முடிந்து, டிவியில் ரிசல்ட் வந்து, பாதி நாற்காலிகள் காலியான பிறகு, “யார் வர்றீங்க?” என்று ஒருவர் கேட்பார். அப்போது அந்த ஹாலில் யார் இருக்கிறாரோ, அவருடைய பெயரைத்தான் எழுதிக்கொள்வார்கள்.